ஏறின கியரில் இறங்கு

தொப்பூர் கணவாய் உச்சியில்
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
ஒரு சிவப்புக் குச்சி விளக்கும் ஒரு விசிலும் என் வசம்.
லாரிகளை ஓரங்கட்டச் சொல்லி
ஒரே வாக்கியத்தை நான்கு மொழிகளில் சொல்கிறேன்:
நியூட்ரல் வேண்டாம், ஏறின கியரிலேயே இறங்கு.
கன்னடத்தில் அது கொஞ்சும். தெலுங்கில் நீளும்.
இந்தியில் எனக்கு மூன்றே சொற்கள்,
மிச்சத்தைக் கை பேசிக்கொள்ளும்.
ஒரு ராத்திரிக்கு இருநூறு முறை, முந்நூறு முறை.
ஜபம் எது என்று எவராவது கேட்டால்
இதைத்தான் காட்டுவேன்.
யாரும் கேட்டதில்லை.

பகலில் தூங்கி எழுந்து
தர்மபுரியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஒரு மொட்டைமாடியில் மூச்சுப் பயிற்சி.
இருபது நிமிடம். கண்ணை மூடு.
வருவது வரட்டும், போவது போகட்டும்.
எனக்கு நன்றாகவே வந்தது.
முதல் மாதம் ரத்தக் கொதிப்பு இறங்கியது.
மூன்றாம் மாதம் தம்பியின் முகம் மங்கியது.

தம்பி மாதையன்.
நடுவில் ஒரு வேலி.
எண்ணூற்றைம்பது அடியில் எனக்குக் கிடைத்து
ஆயிரம் அடியிலும் அவனுக்குக் கிடைக்காத தண்ணீர்.
மூன்று வருடமாக
அவன் வாசலுக்கு முந்தைய சரிவில்
வண்டிச் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு
சும்மா உருட்டிக்கொண்டே கடந்துவிடுவேன்,
நான் போவது அவனுக்குக் கேட்கக் கூடாது.
பேச்சில்லை, அதனால் சண்டையில்லை.
அதற்கு அமைதி என்று
நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

மார்கழிப் பனி. மணி மூன்று இருக்கும்.
கோலார் தக்காளி ஏற்றி
கொச்சிக்குப் போகும் பத்துச் சக்கர வண்டி.
விசில் ஊதினேன், நிற்கவில்லை.
விளக்கை ஆட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன்.
நூறடி தள்ளி மண்ணுக்குள் இறங்கி நின்றது.
லைனர் கருகிய நாற்றம்.
கெட்ட வார்த்தைகள் நான்கு மொழியிலும் எனக்குத் தெரியும்,
குறை வைக்காமல் சொன்னேன்.

நஞ்சேகவுடா இறங்கி வந்தான்.
முட்டி நடுங்கிக்கொண்டிருந்தது.
டீசல் மிச்சம் பிடிக்கத்தானே, என்றேன்.
"அதுக்குன்னுதான் ஆரம்பிச்சேண்ணா.
அப்புறம் அந்த மெதப்பு புடிச்சுப்போச்சு.
எஞ்சின் சத்தமே இருக்காது,
தண்ணி மேல போற மாதிரி போவும்.
பின்னால பதினாறு டன்னு தள்றது
தெரியவே தெரியாது."

தெரியவே தெரியாது.

பாட்டிலை நீட்டினேன்.
பல்லில் கறை ஏற்றும் எங்கள் ஊர்த் தண்ணீர்.
பாதி குடித்துவிட்டு மீதியை
பிரேக் டிரம்மில் ஊற்றப் போனவன் கையைப் பிடித்தேன்.
சூட்டில் ஊற்றினால் விரிசல் விடும், தானா ஆறட்டும்.
ஆறுகிற வரை
பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்தோம்.
ஒரு தக்காளியைச் சட்டையில் துடைத்துக் கொடுத்தான்.
பனியில் ஊறிப் பல் கூசியது.
அவன் மகள் பெயரைச் சொன்னான்,
நான் கேட்காமலே.

கிளம்பும்போது இரண்டாம் கியர்.
வண்டி உறுமியது, முனகியது,
இறங்குகிறதா அழுகிறதா என்று தெரியாத சத்தம்
மலை முழுக்க.
ஆனாலும் பிடித்திருந்தது.
வளைவுக்கு வளைவு
அத்தனை பாரத்தையும் எஞ்சின் விடாமல்
பிடித்திருந்தது.

காலை ஆறே முக்கால்.
மாதையன் வாசலுக்கு முந்தைய சரிவு.
பழக்கத்தில் கை சாவிக்குப் போனது.
தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது.
கியரைக் குறைத்தேன்.
என் பழைய ஸ்ப்ளெண்டர் ஊருக்கே கேட்கக் கத்தியது.
நாய் குரைத்தது. கோழிகள் சிதறின.
வறண்ட போர்வெல் குழாய்க்குப் பக்கத்தில்
டேங்கர் தண்ணீரில் பல் துலக்கிக்கொண்டிருந்தான்.
காதோரம் நரைத்திருந்தது. எப்போது?

நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை.
"பைப்பு எத்தன அடி வேணும்?"
வாய் நுரையைத் துப்பினான்.
வெகுநேரம் பார்த்தான்.
"எதுக்கு?"

மேலே சொல்ல எனக்கு வரவில்லை.
அவனும் உள்ளே போகவில்லை.
எங்கள் இருவருக்கும் நடுவில்
வண்டி பாட்டுக்கு
அசிங்கமாக உறுமிக்கொண்டு நின்றது.