ஏழு மைல்

வயோமிங்கின் கோடு தெற்கே இறங்கி
எல்லையில் நிற்கிறது.
யூட்டாவின் கோடு வடக்கே ஏறி
அதே எல்லையில் நிற்கிறது.
நடுவே ஏழு மைல்.
ஐந்நூறு கிலோவோல்ட் அதைத் தாண்டிக் குதிக்கும் என்று
யாரும் நம்பவில்லை.
யாரும் பக்கத்து வரைபடத்தைக் கேட்கவில்லை,
அவ்வளவுதான்.

வரைபடங்களை ஒட்டுவது என் வேலை.
ராக் ஸ்பிரிங்ஸ் விடுதியில்
நீச்சல்குளத்துக் குளோரின் வாடை வரும் கூட்ட அறையில்
இரண்டையும் ஒரே திரையில் போட்டேன்.
முதலில் சிரித்தவர் டெவெரல் ஸ்டோக்கர்,
யூட்டா பக்கத்துப் பொறியாளர்.
அடுத்த அடுக்கைத் திறந்தேன். சிரிப்பு நின்றது.
எங்கள் பக்கம் சேஜ் கோழியின் வாழிடம், அடர்பச்சை.
எல்லையைத் தொட்டதும்
கத்தரித்த துணியாய் முடிகிறது.
அந்தப் பக்கம் வெள்ளை.
வெள்ளை என்றால் பறவை இல்லை என்றல்ல,
எண்ண ஆள் போகவில்லை என்று பொருள்.

மறுநாள் விடியுமுன்
மைடே எச்செவெர்ரி தன் ட்ரக்கில்
எங்களை அள்ளிப் போட்டுக்கொண்டு போனாள்.
அவள் ஆடுகள் இரண்டு மாநிலத்திலும் மேய்கின்றன,
இரண்டுக்கும் வரி கட்டுகிறாள்.
"விளக்கை அணை. கதவை அறையாதே.
இருமல் வந்தால் விழுங்கு."

ஏப்ரல். புதர்மேல் உறைபனி.
இருட்டில் முதலில் ஓசைதான்:
ப்ளுக். ப்ளுக் ப்ளுக்.
எங்கோ கூழ் கொதிக்கிறது.
வெளுத்தபின் ஆடுகளம் தெரிந்தது.
முப்பத்தோரு சேவல்கள், நெஞ்சு ஊதி, வால் முள்முள்ளாய் விரித்து.
பெட்டைகள் நாலே நாலு,
விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகர்கிறவர்கள்போல்
நடந்துகொண்டிருந்தன.
எல்லைக்கல்லைச் சுற்றி ஒரு சேவல்
இந்த மாநிலத்தில் மூன்றடி வைத்தது,
அந்த மாநிலத்தில் இரண்டு.

"கோபுரத்தில் கழுகு உட்கார வேண்டியதில்லை"
லெவெட்டா டகெட் கிசுகிசுத்தாள்.
"உட்காரலாம் என்பதே இதற்குப் போதும்.
வேறு இடம் தேடிப் போகவும் போகாது.
வருஷா வருஷம் குறையும்."
"நிலக்கரி ஆலையை மூடச் சொன்னதும் நீங்கள்தானே,
காற்றை நான் பையிலா கட்டிக்கொண்டு போவது?"
ஸ்டோக்கரும் கிசுகிசுப்பாகத்தான் கேட்டார்.
லெவெட்டா பதில் சொல்லவில்லை.
பிளாஸ்க்கை நீட்டினாள்.
காப்பி ஆறியிருந்தது. குடித்தார்.

பிறகு மூன்று நாள்.
பழைய எரிவாயுக் குழாய்த்தடத்தை ஒட்டிப் போனால்
கோடுகள் சந்திக்கும்,
இருபத்திரண்டு மைல் கூடும்.
கூடுவது யார் கணக்கில் என்று
வியாழன் மாலைவரை இழுத்தது.
தடம் மைடேயின் வைக்கோல் நிலத்தை வெட்டிப் போகிறது.
"கோழிக்காக என்று சொல்லி
என்னிடம் சும்மா கேட்காதீர்கள்" என்றாள்.
ஒரு தொகை சொன்னாள்.
இரண்டு மாநிலமும் முதல்முறையாக
ஒரே குரலில் "அதிகம்" என்றன.
பாதியில் முடிந்தது. பாதிக்கும் கொஞ்சம் மேலே.

இரவு, அறையில் தனியாக,
வெள்ளைக்கும் பச்சைக்கும் நடுவே ஒரு புள்ளி வைத்தேன்.
எண்ணிக்கை: 31.
மாநிலம்? என்று கேட்டது மென்பொருள்.
அந்தக் கட்டத்தை வெறுமையாய் விட்டால் சேமிக்காதாம்.
இரண்டையும் எழுதிப் பார்த்தேன்,
சிவப்பில் பிழை என்றது.

மணி பதினொன்று.
காலையில் அனுப்பியாக வேண்டும்.
கட்டத்துக்குள் கோடு ஒன்று
விட்டு விட்டுத் துடிக்கிறது.