மேடு

அலைகாட்டியில் முதலில் தெரிந்தது பள்ளம்தான்.
ஒரு வோல்ட்டில் போய்க்கொண்டிருந்த கோடு
திடுமெனத் தொண்ணூறு மில்லிவோல்ட் கீழே.
மிலேனா ஒராஷே ரொட்டியைக் கடித்தபடி சொன்னாள்:
"விழவில்லை இது. யாராவது வருவார்களென்று காத்திருந்திருக்கிறது."

ஃபில்லாக் நகரம். பிப்ரவரி. இரவு ஒன்பதே கால்.
சன்னலுக்கு அப்பால் டிராவ் ஆறு
பனித்துண்டுகளை ஒன்றோடொன்று உரசவிட்டுப் போகிறது.
வியாழக்கிழமை கிராட்ஸிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்,
முப்பது மில்லிவோல்ட்டுக்கு மேல் ஒரு முடிகூட நகரக்கூடாது என்பவர்கள்.

உள்ளே பன்னிரண்டு வோல்ட், வெளியே ஒன்று.
நடுவில் மேலும் கீழுமாய் இரண்டு சுவிட்சு,
ஒரு சுருள்,
அரிசி மணிகள் போல மின்தேக்கிகள்.
மறுமுனையில் ஒரு செயலி
ஐந்து ஆம்பியரில் உறங்குகிறது.
விழித்தால் இருபத்தைந்து.
சொல்லிவிட்டு விழிக்கும் வழக்கம் அதற்கில்லை.

பழைய கட்டுப்பாடு ஒரு நேர்மையான குமாஸ்தா.
புகாரை வாங்கும், கூட்டும், சராசரி பார்க்கும்,
அடுத்த மணி அடிக்கும்வரை
பேனாவை மூடி வைத்திருக்கும்.
அதற்குள் மின்தேக்கி
கைக்காசையெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிடும்.

குமாஸ்தாவை வீட்டுக்கு அனுப்பினாள் மிலேனா.
பெருக்கி இருந்த இடத்தில் ஒரு ஒப்பீட்டுச் சில்லு.
அதற்குத் தெரிந்தது ஒரே கேள்வி: குறைந்ததா?
குறைந்த நொடியிலேயே மேல் சுவிட்சு திறந்து கொட்டும்,
மணிக்குக் காத்திராமல்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டுமே,
எப்போது நிறுத்துவது என்று கணக்கிட்டாள்:
மின்தேக்கி இழந்ததும் திரும்பப் பெறுவதும்
கழித்துப் பார்த்தால் பூச்சியம்.
ஒரு நானோ நொடி கூடினால் வழியும்.

பள்ளம் பதினொன்றாய்ச் சுருங்கியது.
கெர்னோட் மேசையைத் தட்டினான்.
பலகையை வரைந்தவன், அவனுக்கும் அதில் பங்குண்டு.

பிறகு சுமையை எடுத்தோம்.

மேடு.
ஐம்பது மில்லிவோல்ட்.
மறுபடி எடுத்தோம், மறுபடி அதே ஐம்பது.
ஒப்பீட்டுச் சில்லைத் திட்டினான் கெர்னோட்.
பாவம், அது இருபது நானோ நொடியிலேயே
நிறுத்து என்று கத்திவிட்டிருந்தது.
சுருளுக்குத்தான் காது இல்லை.

ஏறும்போது அதை முதுகில் தள்ளுவது பதினொரு வோல்ட்.
இறங்கும்போது சட்டையைப் பிடித்து இழுப்பது
வெளியே இருக்கும் அந்த ஒற்றை வோல்ட் மட்டும்.
ஏற ஒரு பங்கு நேரம் என்றால் இறங்கப் பதினொன்று.
கேட்பவன் போய்விட்ட பிறகும்
மூன்று மைக்ரோ நொடி
கொடுத்துக்கொண்டே இருக்கிறது.
சட்டியில் இருந்தால் அகப்பையில் வருமென்பார்கள்.
அகப்பையை எடுத்த பின்னும் வருகிறது,
அதற்கு என்ன பழமொழி?

பதினொன்றரை மணிக்கு மிலேனா
கீழ் சுவிட்சையும் அணைத்துப் பார்க்கலாம் என்றாள்.
இரண்டும் அணைந்தால்
மின்னோட்டம் டையோடு வழியாகத்தான் தவழ்ந்து போகவேண்டும்.
அங்கே முக்கால் வோல்ட் கூடுதலாய் உரசும்,
உரசலில் கொஞ்சம் வேகம் வெப்பமாய்ப் போகும்.
செயல்திறன் கெடும் என்றான் கெர்னோட்.
கெடட்டும்.
இரண்டு மைக்ரோ நொடிக்கும் குறைவு,
யாருமே பொறுப்பில் இல்லாத இருட்டு.

இருபத்தொன்பது.

நான் எண்ணைச் சத்தமாகப் படித்தேன்.
அவள் மீண்டும் எடுக்கச் சொன்னாள். இருபத்தொன்பது.
மீண்டும். இருபத்தொன்பது.
விரலைப் பலகையின் அடியில் வைத்தாள்.
இளஞ்சூடு. காய்ச்சல் என்று சொல்ல முடியாது.

விளக்கணைக்கும்போதுதான் கவனித்தேன்,
வெள்ளித்தாளில் சுற்றிய இரண்டாவது ரொட்டியை,
பூசணி எண்ணெய் தடவி, மிளகில்லாமல்.
மிளகு வேண்டாம் என்பவன் ஸ்ட்ராவ்கோ மட்டும்தான்.
அவன் மியூனிக் போனது நவம்பரில்.

கெர்னோட் பசிக்கிறது என்றான்.
ஒரு கணம் பார்த்துவிட்டு,
நீட்டினாள்.