திருகு

ஐயாயிரத்து நூறு மீட்டர் உயரம்.
மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தால்தான்
இங்கே எதையும் யோசிக்க முடியும்.
ஏழெட்டு எவ்வளவு என்று
எத்வினா கோல்கே விரல்விட்டு எண்ணுகிறாள்,
பாதியில் விட்டுவிட்டுச் சிரிக்கிறாள்.
டீசல் இயந்திரம் அவள் பொறுப்பு.
தொலைநோக்கி எங்கள் பொறுப்பு.
அது இருமினால் இது குருடாகும்.

கீழே அட்டகாமா,
உப்புப் பூத்த தரை.
மேலே
நட்சத்திரங்கள். அவற்றை நாங்கள் பார்ப்பதில்லை.
அவற்றுக்கெல்லாம் முந்தி
ஆதிப் புகை தெளிந்த அன்று
புறப்பட்ட வெளிச்சம்
ஆறி ஆறி
மூன்று டிகிரிக்கும் கீழே இறங்கி
நீர்த்த கஞ்சியாய்
எல்லாத் திசையிலிருந்தும் வந்து விழுகிறது.
அதை ஏந்துகிறோம்.

லட்சத்தில் ஒரு பங்கு ஏற்ற இறக்கம்.
அதற்குள்ளும் சில நெருடல்கள்:
தெற்கே ஒரு திட்டு
இருக்க வேண்டியதைவிடக் குளிர்ந்து கிடக்கிறது.
ஒரு பாதி வானம்
மறுபாதியைவிடச் சற்றே சொரசொரப்பு.
தற்செயலாகவும் இருக்கலாம்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள்.
நசுக்கிப் பார்த்துவிட்டோம், சரி,
ஒப்பிட இன்னொரு பானைக்கு
எங்கே போவது?

மார்ச் மாதம்
அந்த வெளிச்சத்தின் அதிர்வுக் கோடு
மூன்றில் ஒரு பாகை
திரும்பியிருப்பதைக் கண்டோம்.

ஃபெராராவிலிருந்து வந்த இல்தெப்ராந்தோ
அன்றிரவு உறங்கவில்லை.
பதினேழு வருடமாக அவர் தேடுவது
இரும்பு பிறக்குமுன் இருந்த காந்தம்.
இழுபட ஒரு துகள் துரு இல்லாத காலத்தில்
ஓர் இழுப்பு.
வடக்கிருக்க ஊசியே இல்லாதபோது
எங்கும் விரவிக் கிடந்த வடக்கு.
"அதுதான் திருப்பியிருக்கிறது" என்றார்.
ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு
தின்ன மறந்தார்.

ஆனால் காந்தத்துக்கு ஒரு குணம் உண்டு.
நீள அலையை நன்றாக முறுக்கும்,
குட்டை அலையைப் போனால் போகிறதென்று விடும்.
மூன்று அலைவரிசைகளையும் பிரித்துப் பார்த்தோம்.
மூன்றிலும்
அதே மூன்றில் ஒரு பாகை.

யாரும் பேசவில்லை.
கோக்கா இலைத் தேநீர் ஊற்ற வந்தவள்
திரையைப் பார்த்தாள்.
"எல்லாமே ஒரே அளவு சாய்ந்திருக்கிறதென்றால்
சாய்ந்திருப்பது நீங்கள்தானே?"

ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஏறினாள்.
பின்னால் நான், படிக்குப் படி நின்று மூச்சு வாங்கி.
கண்டுணரிகளைத் தாங்கும் வளையத்தில்
பன்னிரண்டு திருகாணிகள்.
ஒன்பதாவது
கைவிரலுக்கே அசைந்தது.
ஜனவரி நிலநடுக்கம்.
குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது:
'காபி சிந்தியது. வேறு சேதமில்லை.'

இல்தெப்ராந்தோ கோபப்படவில்லை.
ரொட்டியைத் தின்று முடித்தார்.
கணக்கை முதலிலிருந்து ஓட்டச் சொன்னார்.
பதினோரு நாள்.
பிரபஞ்சத்தின் திருகல் என்று நம்பியது
ஒரு திருகாணியோடு போயிற்று.

போயிற்று என்றா சொன்னேன்?
நீள அலையில் மட்டும்
நூற்றில் மூன்று பாகை
போகாமல் நின்றது.
எங்கள் பிழையோ நூற்றில் ஐந்து.
உண்டு என்று வாய் திறக்க முடியாது.
இல்லை என்று எழுத
எனக்குக் கை வரவில்லை.

மலையிறங்கும்போது வண்டியோட்டியவள் அவள்தான்.
பழைய இரும்புச் சுரங்கத்தின் வளைவில்
முகப்பிலிருந்த திசைகாட்டி
தலை சுற்றி மேற்கைக் காட்டியது.
"இந்த இடத்தில் இது எப்போதும் பொய் சொல்லும்,"
என்றாள் எத்வினா. "அதை வைத்துத்தான்
பனிமூட்டத்தில் இந்த வளைவைக் கண்டுபிடிக்கிறேன்."
இல்தெப்ராந்தோ
ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார்,
அது நிலைகொண்ட பிறகும்.

அடுத்த வாரம் மேலே போனபோது பார்த்தேன்.
பன்னிரண்டு திருகாணிகளின் தலையிலும்,
தலை தாண்டி வளையத்தின் மேலும்,
சிவப்பு நகப்பூச்சால்
ஒற்றைக் கோடு இழுத்திருந்தாள்.
எது இம்மி திரும்பினாலும்
கோடு உடைந்து காட்டும்.
ஒன்பதாவதில் மட்டும்
இரண்டு பூச்சு.