இதர விஷயங்கள்

செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால், டெரி நகரம்.
ஜன்னலுக்கு வெளியே ஃபாயில் ஆறு
மழையை வாங்கிக்கொண்டு சும்மா போகிறது.
பேசப்பட்டதை எழுதுவது என் வேலை.
யாராவது அழுதால், கவலை தெரிவிக்கப்பட்டது.
கத்தினால், விரிவாக விவாதிக்கப்பட்டது.
ஒருவரும் வாய் திறக்காவிட்டால்
ஒருமனதாக.

வருகைத் தாள் மேசையைச் சுற்றி வந்தது.
'எந்த அமைப்பு' என்ற கட்டத்தில்
மாலக்கி மக்கர்க்
'நான்' என்று எழுதினார்.
எழுத்துகள் கட்டத்தைத் தாண்டி
தலைவர் நெஸ்பிட்டின் பெயர்மேல் ஏறியிருந்தன.

முதல் பொருள்: சென்ற கூட்டக் குறிப்பு. சரி.
இரண்டாம் பொருள்: திட்ட வரைவு, ஐந்தாம் திருத்தம்.
பக்கம் நாற்பத்தொன்றில் ஒரு வாக்கியம்:
"மருத்துவமனை எவருக்கும் வீடாக இராது."
அதன் பக்கத்தில் ஒரு தேதி.
மூன்று முறை அந்தத் தேதியை
நானே மாற்றித் தட்டச்சு செய்திருக்கிறேன்.
வாக்கியத்தில் ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை.

திருமதி டெவெனி எழுந்தார். குடையை மடக்க மறந்திருந்தார்.
"மனநலம் மூன்றாம் மாடி என்கிறீர்கள்.
கற்றல் குறைபாடு முதல் மாடி.
மேலே போனால் கீழே அனுப்புகிறார்கள்,
கீழே வந்தால் மேலே.
என் மகனுக்கு இரண்டும் இருக்கிறது ஐயா.
பதினாறு வருடமாக அவன்
மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறான்."

நான் எழுதினேன்:
துறைகளுக்கிடையே ஒருங்கிணைப்பு தேவை.

சாண்ட்விச் வந்தது.
முட்டை வைத்தது முதலில் தீர்ந்தது, எப்போதும்போல.

பிறகு எளிய வடிவம்.
பெரிய எழுத்து, குறுகிய வரி, வரிக்கு ஒரு படம்.
'உங்களுக்கு என்று ஒரு வீடு' என்ற வரிக்கு
ஒரு வீடு, சிவப்புக் கூரை, மேலே சிரிக்கும் சூரியன்.
(இந்த ஊரில் சூரியன்!)
மாலக்கி தாளைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.
முப்பத்தோரு வருடம் ஒரே வார்டு.
இருபத்திரண்டு வயதில், ஒரு மாதத்துக்கு என்று உள்ளே போனவர்.
நேரம் எடுத்துத்தான் பேசுவார்.
நெஸ்பிட் கடிகாரத்தைப் பார்த்தார்,
பார்த்ததை மறைக்க மணிக்கட்டைச் சொறிந்தார்.

"இதுக்குக் கதவே இல்லியே."

எல்லோரும் தாளைப் புரட்டினோம்.
இல்லைதான்.
ஐந்து திருத்தம், பதினொரு கையொப்பம், இரண்டு ஆலோசகர்கள்.
கதவு இல்லை.

என் பேனாவைக் கேட்டு வாங்கினார்.
நாக்கு நுனியைக் கடித்தபடி ஒரு கதவு வரைந்தார்,
கோணலாக, வீட்டைவிடச் சற்று உயரமாக.
அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம்.
மாலக்கி தாளைத் திருப்பி
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
கதவு எங்கே தெரிகிறது என்று விரலால் தேடி
அதே இடத்தில், பின்பக்கம்,
ஒரு தாழ்ப்பாள் வரைந்தார்.

"உள்ளே," என்றார். "இது உள்பக்கம்."

அவரோடு வந்த செவிலி டிம்ப்னா
தன் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தை
சத்தமில்லாமல் கைக்குள் பொத்திக்கொண்டாள்.
அதை நான் எழுதவில்லை.
எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது?

"மிக முக்கியமான கருத்து," என்றார் நெஸ்பிட்.
உண்மையாகவே சொன்னார் என்று நினைக்கிறேன்.
"ப்ரோனா, இதர விஷயங்களில் சேர்த்துவிடு."

நாலு மணிக்கு நகல் எந்திரத்தின் முன் நின்றேன்.
அது தாளின் ஒரு பக்கத்தைத்தான் படிக்கும்.
புதியது வாங்க ஒப்புதல் கேட்டிருக்கிறோம்.
திரையில் கூரை வந்தது, சூரியன் வந்தது,
கோணல் கதவு வந்தது.

தாளைத் திருப்பிப் போட்டேன்.
வெள்ளைப் பக்கம், நடுவில் ஒரே ஒரு தாழ்ப்பாள்.
'இணைப்பு 7' என்று பெயர் கொடுத்தேன்.

மறுநாள் மேலதிகாரியிடமிருந்து கடிதம்:
இணைப்பு ஏழில் ஏதோ கிறுக்கல் தெரிகிறது,
வெற்றுத் தாளாக இருக்கலாம்,
நீக்கிவிடவா?

இன்னும் பதில் போடவில்லை.
அடுத்த கூட்டம் மார்ச்சில்.
மாலக்கியின் பேருந்துக் கட்டணம் யார் கணக்கில் என்று
முதல் மாடியும் மூன்றாம் மாடியும்
எழுதிக்கொண்டிருக்கின்றன.