தொண்ணூற்று நான்கில் கொதிக்கும் நீர்

புத்தகத்தை எழுதியவன் கடலோரத்துக்காரன்.
அவன் ஊரில் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும்.
கோத்தகிரியில் எங்கள் அடுப்பில்
தொண்ணூற்று நான்கிலேயே அதற்குப் பொறுமை போய்விடுகிறது.
பருப்பு வேகாத நாளெல்லாம்
மலையின் மேல் பழிபோட்டுச் சாப்பிடுகிறவர்கள்தான் நாங்கள்.
பார்லி என்று வந்ததும் மறந்துபோனோம்.

அதற்கும் முன்னால் மாவு மில்.
முளைகட்டிய பார்லி ஆறு கிலோவை
மொட்டைமாடி வெயிலுக்கும் ஃபேன் ஹீட்டருக்கும் மாற்றி மாற்றிக் காட்டி
உலர்த்தியிருந்தான் தேவசகாயம்.
ஃபாக்டரியில் தேயிலை டிரையருக்கு அவன்தான் மெக்கானிக்.
இலையை உலர்த்தத் தெரிந்தவனுக்கு
தானியம் எம்மாத்திரம் என்று எங்கள் இருவருக்கும் நினைப்பு.
"கஞ்சிக்கா அக்கா?" என்றார் மில்லில் பெள்ளி.
ஆமாம் என்றேன்.
வேறென்ன சொல்வது, கடைத்தெருவில் வைத்து?
பொய்க்கு ஏற்றபடி
முகப்பவுடர் போல அரைத்துத் தந்தார்.

உமி குப்பையில்லை.
அதுதான் சல்லடை, அதுதான் படுக்கை,
அதன் இடுக்கு வழியாகத்தான் இனிப்பு இறங்கி வரவேண்டும்.
இதெல்லாம் இன்று சொல்கிறேன்.
அன்று அண்டாவின் குழாயைத் திறந்தபோது
ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது,
யோசித்தது,
நின்றுவிட்டது.
அகப்பையை நட்டால் அசையாமல் நின்றது.
பீர் காய்ச்ச உட்கார்ந்து
களி கிண்டியிருந்தோம்.

அவன் கல்யாண வேட்டியில் கொட்டி
ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கினோம்.
வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம்
வேட்டியோடு உறைந்து நின்றோம்,
பிணம் மறைப்பவர்கள் மாதிரி.

பிழிந்த சக்கையைக் கொல்லையில் கொட்டினான்.
நள்ளிரவில் யாரோ மூச்சு விடுகிறார்கள்.
டார்ச் அடித்தால்
தேயிலைச் செடிகளுக்கு மேலே முதுகு,
வெள்ளைக் காலுறை போட்ட நான்கு கால்,
மூக்கில் ஆவி பறக்க
நிதானமாய்த் தின்றுகொண்டிருந்தது காட்டெருமை.
கழிப்பறையோ வெளியே.
விடியும்வரை போகாது என்று தெரிந்ததும்
காலண்டரைத் திருப்பி
என்னென்ன தப்பு என்று எழுத ஆரம்பித்தோம்.
நான்காவதில் சண்டை வந்தது.
ஐந்தாவது அவன் கையெழுத்தில்:
"சக்கையை வீட்டுப் பக்கம் கொட்டாதே."

ஈஸ்டுக்கும் ஜனவரி என்றால் குளிரும் என்பது
காலண்டரில் இல்லை. பிறகு தெரிந்தது.
ஒன்பது டிகிரி ராத்திரியில் கேனைத் தனியே விட்டுவிட்டு
நாங்கள் மட்டும் ரஜாய்க்குள் படுத்திருந்தோம்.
மூன்று நாள் ஒரு குமிழிகூட இல்லை.
செத்துவிட்டதா என்று
காலையில் அவன் மூடியைத் திறந்து பார்த்தான்.
மாலையில், அவனுக்குத் தெரியாமல், நான்.

என் வேலை ருசி பார்ப்பது.
ஒரு நாளைக்கு நாற்பது கிண்ணம்,
உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டு
ஒரே சொல்லில் விலை சொல்ல வேண்டும்.
ஐந்தாம் வாரம் ஸ்டீல் டம்ளரில் ஊற்றி நீட்டினான்.
நுரை என்ற பெயரில் ஓரமாய் இரண்டு முட்டை.
உறிஞ்சினேன்.
நீர்த்திருந்தது. புளிப்பு. மூன்றாம் நாள் தோசைமாவு.
பின்னால், வெகு பின்னால்,
பிஸ்கட் வேகிற தெருவைக் கடந்து போனதுபோல்
ஒரு வாசனை. கடந்து போய்விட்டது.

அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.
துப்பும் கிண்ணம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.
விழுங்கினேன்.
"மோசம்" என்றேன்.
"எவ்வளவு மோசம்?" என்றான்,
பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே.

நேற்று மறுபடியும் வாளியோடு மில்லுக்குப் போனேன்.
"நைஸாத்தானே?"
"இல்லண்ணே. ஒவ்வொண்ணும் ரெண்டா உடைஞ்சாப் போதும்.
உமி முழுசா இருக்கணும்."
பெள்ளி கல்லைத் தளர்த்தினார்.
ஒரு பிடி அள்ளி ஊதிப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
"இது கஞ்சிக்கு ஆகாதே அக்கா" என்றார்,
குரலை இறக்கி,
"எப்ப வரட்டும்?"