இடது பக்கம்

ஏனக் ட்ரெங்ரோவின் முழங்காலை உடைத்தவன் நான்தான்.
பந்து உயரத்தில் இருந்தது.
இருவரும் வானத்தைப் பார்த்தபடி ஓடினோம்,
அவன் மட்டும் எழும்பினான்.

ஃபுட்ஸ்க்ரேயில், ஆற்றோரத் தோல் ஆலையில் வேலை அவனுக்கு.
சனிக்கிழமை ஒரு மணிச் சங்கு ஊதியதும்
சுண்ணாம்பில் வெந்த விரல்களோடு மைதானத்துக்கு வருவான்.
அந்தக் கையில் விழுந்த பந்து
அப்புறம் வேறு யாருக்கும் இல்லை.
"நான் உரிச்ச மாடு, என்கிட்டத்தான் வரும்" என்பான்.

ஐந்து சீசன், அறுபத்தொரு ஆட்டம், ஒன்பது கோல்.
பத்தாவதைக் கோல் நடுவர் பார்க்கவில்லை:
காற்று அவர் தொப்பியைக் கொண்டுபோயிருந்தது,
துரத்திக்கொண்டிருந்தார்.
செய்தித்தாளில் அவன் பெயர் கடைசிவரை
'ட்ரெங்கோவ்' என்றே வந்தது.

அன்று மழை.
ஈரத்துணியை உதறினாற்போல் ஒரு சத்தம்.
நான் மன்னிப்புக் கேட்கவில்லை,
பந்து இன்னும் ஆட்டத்தில் இருந்தது.

பிறகு ஆலை வாசலில் காவலுக்கு உட்கார்ந்தான்.
பதினெட்டு வருஷம் அந்த வழியாகத்தான் ரயில் பட்டறைக்குப் போனேன்.
"மழை வரும், கால் சொல்லுது" என்பான்.
மேலே நீலமாய்க் கிடக்கும்.
நான் பாதி வழி திரும்பிப் போய்
குடை எடுத்து வருவேன்.
அந்தக் கால் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

நேற்று பெட்டி தூக்க ஓர் ஆள் குறைந்தது.
ஹெஸ்டர் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து
இடது பக்கம் நிற்கச் சொன்னாள்,
அவன் நொண்டிய பக்கம்.
நல்ல வெயில், ஒரு மேகமில்லை.
குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தூக்கினேன்.