அரை நொடி

கனடாவில் பிரெஞ்சு பேசுகிறவர்கள் எடுத்த படம்.
படம் முழுக்கப் பனி.
அதில் மரம் வெட்டும் கிழவனுக்குத் தமிழில் பேச
இன்னாசியைக் கூப்பிட்டார்கள்.
காரைக்கால்காரன், பிரெஞ்சு தெரியும் என்று
யாரோ கிளப்பிவிட்டது.
சொல்தா பென்ஷன் வாங்கிய பெரியப்பாவிடம்
நாலு வசவு கற்றிருந்தான், அவ்வளவுதான்.
"இது அவரு பிரெஞ்சும் இல்லடி,
மூக்குக்குள்ள உளி வச்சுப் பேசுறானுவ."

குளிரில் நடுங்குகிற குரல் வரவில்லை.
அக்கினி நட்சத்திரம் அப்போது.
துறைமுகத்து மீன் பெட்டியிலிருந்து
ஒரு கட்டி ஐஸ் வாங்கி வந்து
வாயில் அடக்கிக்கொண்டு
கொல்லையில் நின்று பேசிப் பார்த்தான்.
கிழவன் வஞ்சிர வாடையோடு செத்தான்.
படம் எங்கும் வரவில்லை.
சம்பளம் வந்தது, பாதி.

பிறகு இருபத்திரண்டு வருஷம்
ராத்திரி பஸ்ஸில் சென்னை,
மறுநாள் ராத்திரி பஸ்ஸில் வீடு.
தெலுங்கு வில்லன், இந்திப் போலீஸ்,
கொரியாக்காரன் ஒருத்தன், பேசும் கரடி.
எத்தனை முறை செத்தான் என்று
மின்துறை கவுண்டரில் உட்கார்ந்தபடி
பழைய டைரியில் குறித்துவந்தேன்.
துப்பாக்கி, கத்தி, விஷம், லாரி.
நானூற்றுப் பன்னிரண்டில் நிறுத்திவிட்டேன்.

உதடு மூடும் இடத்தில்
'ம' விழணும், 'ப' விழணும்.
அதுதான் தொழில், மிச்சமெல்லாம் மூச்சு என்பான்.
சோறு போடும்போதும் என் வாயையே பார்ப்பான்.
நான் தொடங்கிய வாக்கியத்தை
எனக்கு முன்னால் முடித்துவைப்பான்.
அவனோடு சண்டை போடவே முடியாது.

போன வருஷம்
முகத்துக்கும் ஒரு வேலை வந்தது.
திருநள்ளாறு பக்கம் வாஞ்சியாற்றில் ஷூட்டிங்.
மதகு திறக்கும் லஸ்கர் வேஷம்.
ஆறு நாள், காக்கிச் சட்டை,
கையில் உண்மையான மதகுச் சாவி.
ஒரே ஒரு வசனம்:
"மொறை வராம மதகு திறக்க மாட்டேன்."

டப்பிங்குக்குக் கூப்பிடவில்லை.
இவனே போன் செய்தான்.
"சார், உங்க குரல் ஊருக்கே தெரியும்.
லஸ்கர் வாயைத் திறந்தா
வில்லன் வந்துட்டான்னு சிரிப்பாங்க.
வேற பையனை வச்சுப் பேசிட்டோம்.
தப்பா எடுத்துக்காதீங்க."
எடுத்துக்கொள்ளவில்லை.
சாயங்காலம் வரை மொபெட்டைக் கழுவினான்.

ஞாயிற்றுக்கிழமை மேட்னி, முப்பது பேர் இருப்போம்.
திரையில் அவன் மதகின் மேல் நிற்கிறான்.
நெற்றி நரம்பு, இடது கண் சுருக்கம்,
நான் தைத்த பித்தான்கூடத் தெரிகிறது.
வாய் திறந்தது.
யாரோ ஒரு பையன், மதுரைப் பக்கத்து இழுவையில்
என் புருஷனுக்குள்ளிருந்து பேசினான்.

பக்கத்துச் சீட்டில் உதடு அசைந்தது.
முதலில் மூச்சு,
அப்புறம் முணுமுணுப்பு,
அப்புறம் முழுக்குரல்:
மொறை வராம.
முன்வரிசை ஆள் திரும்பினான்.
"யோவ், படம் பாக்க விடுய்யா."
மடியில் இருந்த பிள்ளை மட்டும்
கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தது.

அரசலாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தினான்.
ஆகாயத்தாமரைக்கு நடுவே
ஒரு முழம் அகலத்துக்குத் தண்ணீர்.
"நல்லாத்தான் பேசியிருக்கான் பையன்.
மதகுல 'ம' மட்டும் அரை நொடி லேட்டு.
பாத்தியா?"
பார்த்தேன் என்றேன்.
பொய்தான். இருட்டில்
நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு வாயை.

மணி ஆறே முக்கால்.
"மீன் கடை..." என்று ஆரம்பித்தேன்.
"மூடியிருப்பான்" என்றான்.